சத்தத்தைக் குறைடே

சார், உங்க போன்ல இப்ப அடிச்சதே, அந்தப் பாட்டு நீங்களா வச்சதா? மக வச்சு விட்டாளா. அதானே பாத்தேன். பாட்டு தொடங்குததுக்கு முன்னால ஒரு ஆளு கத்துதான் பாத்தீங்களா, "கஸ்பாரு, சத்தத்தைக் குறைடே"ன்னு? அந்த ஆளு நான்தான்.

சிரிக்கீங்க. சிரிங்க, தப்பில்ல. இன்னைக்கு மத்தியானம் ஒரு கூட்டமே சிரிச்சுச்சு, நீங்க ஒருத்தர் சிரிச்சு எனக்கென்ன கொறஞ்சு போச்சு. நீங்க எட்டயபுரம்தானே? அப்ப நேரம் கிடக்கு. நான் தூத்துக்குடி. அந்தப் பாட்டைப் பாடுன கஸ்பார் என் மச்சினன். என் வீட்டுக்காரி பிலோமியோட கூடப் பெறந்த தம்பி. அவனை வீட்டுக்குக் கூட்டிட்டு வாரேன்னு அவகிட்ட சொல்லிட்டுத்தான் காலைல மதுரைக்கு வண்டி ஏறுனேன். இந்தா, தனியாத் திரும்பிப் போறேன். இந்த சீட்டுல அவன் இருக்கணும், நீங்க இருக்கீங்க.

என் பேரு ரெமிஜியூஸ். ரெமி மெலடீஸ்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா. சரி, விடுங்க. மெல்லிசைக் குழு. சர்ச் திருவிழா, கோயில் கொடை, கல்யாண வரவேற்பு, எங்க கூப்பிட்டாலும் போவோம். நான் கீபோர்டு. குழுவும் என்னுதுதான். எங்ககிட்ட ஒரு கொள்கை உண்டு சார். ரெக்கார்டுல என்ன இருக்கோ அதுதான் மேடைல. கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. ஒரு பழைய பாட்டு, எந்தப் பாட்டுன்னு கேக்காதீங்க, அதுல ரெண்டாவது சரணத்துக்கு முன்னால யாரோ மெதுவாத் தும்முன மாதிரி ஒரு சத்தம் கேக்கும். எங்க கச்சேரில அந்த இடம் வந்தா எங்க தபேலாக்காரர் தும்முவார். அதைக் கேக்கதுக்குன்னே ஆளுக வருவாங்க. கண்ணை மூடிக்கிட்டா ரேடியோன்னு சொல்லுவாங்க. எனக்கு வேற பட்டம் வேண்டாம்.

கஸ்பார் எங்க கிட்டாரிஸ்ட். அவங்க அம்மா செத்த வருசந்தான் எங்க கல்யாணம். பீரோ, கட்டில், கஸ்பார், மூணும் ஒரே வேன்ல வந்து எங்க வீட்டு வாசல்ல எறங்குச்சு. அப்ப அவன் ஆறாங்கிளாஸ். நான்தான் வளத்தேன். முதல் கிட்டாரு நான் வாங்கிக் கொடுத்தது. வாங்குன புதுசுல பய தானா என்னமோ நோண்டிக்கிட்டு இருப்பான், ஏதோ ட்யூன் மாதிரி வரும். அதெல்லாம் அப்பவே நிறுத்திட்டேன். முதல்ல உள்ளதை உள்ளபடி வாசிக்கப் படிடே, உன்னுது பெறவு வாசிக்கலாம்னேன். அவனும் நல்ல பய, எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டான். பெறவு எப்பன்னு அவனும் கேக்கல, நானும் சொல்லல. பதினெட்டு வருசம் ஓடிட்டு.

பாடணும்னு ஒரு தடவை கேட்டான். குரல் மூக்கால வருது, வேண்டாம்னுட்டேன். உள்ளதைத்தானே சொன்னேன்?

இந்தப் பாட்டு எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. தவக்காலம் வந்தா எங்க ஆளுக கல்யாணம் வைக்க மாட்டாங்க, திருவிழா கிடையாது. கோயில் கொடையெல்லாம் சித்திரைலதான் சூடு பிடிக்கும். அந்த நாப்பது நாளும் எங்களுக்குச் சோலியே கிடையாது. போன தவக்காலம் சாம்பல் புதன் அன்னைக்கு, நெத்தில சாம்பலோட வந்து நிக்கான். "அத்தான், ஈஸ்டர் வரைக்கும் மாடி ரூமை நான் எடுத்துக்கிடட்டா?" நாங்க பயிற்சி பண்ணுத ரூமு அது. சத்தம் வெளிய போகக் கூடாதுன்னு சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி வச்சிருப்போம். ஜெபம் பண்ணத்தான் கேக்கான்னு நினைச்சு சாவியைக் கொடுத்துட்டேன். இல்லன்னா கொடுத்திருப்பனா?

மறுநா பாத்தா மேல கிட்டாருச் சத்தம். டிரம்ஸ் வாசிக்க எவனையோ கூட்டிட்டு வந்திருக்கான். சரி, பய பொழுதைப் போக்குதான்னு விட்டேன். ஆனா சார், அந்த எளவு ட்யூனு இருக்கே, அது சும்மா இருக்க விடாது பாத்துக்கிடுங்க. நாலே நாலு சுரம். சின்னப் புள்ளைக கல்லெறிஞ்சு விளையாடுத மாதிரி மேல போகும், கீழ வரும், திரும்ப மேல போகும். பிலோமி மீன் செதில் உரசுதா, கத்தி அந்தத் தாளத்துக்குப் போகுது. நான் சவரம் பண்ணுதேன், வாய் அதைத்தான் முணுமுணுக்கு. பெரிய வியாழன் பூசைல நற்கருணை வாங்க வரிசைல நிக்கேன். சாமியார் என் முன்னால வந்து நிக்கார். நான் ஆமென்னு சொல்லணும். வாய்ல அந்தப் பாட்டு வருது. சாமியார் என்னைப் பாக்கார், நான் அவரைப் பாக்கேன். எனக்கு அறுவது வயசு சார்.

கோவம் வருமா வராதா? தொடப்பக் கட்டையை எடுத்து மோட்டுல நாலு இடி இடிச்சு, "கஸ்பாரு, சத்தத்தைக் குறைடே"ன்னு கத்துனேன். ஒரு நாளு இல்ல, தெனமும்தான் கத்துனேன். அதுல ஒண்ணு மேல மைக்குல விழுந்துட்டு. அவன் அதை அழிக்கல. அப்படியே பாட்டுக்கு முன்னால வச்சுட்டான்.

எட்டுப் பாட்டு. 'மாடி ரூம்'னு பேரு வச்சு, அவனே பாடி, நெட்டுல விட்டுட்டான். ஈஸ்டர் முடிஞ்சு வழக்கம் போல கச்சேரிக்கு வந்தான், நம்ம பாட்டை வாசிச்சான், ஒரு குறை சொல்ல முடியாது. சைடுல ஒண்ணு பண்ணுனேன் அத்தான், அவ்வளவுதான்னான். நானும் சரின்னேன். அந்தச் சைடு இப்படி வந்து முன்னால நிக்கும்னு யாரு கண்டா? காலேஜ் புள்ளைக எடுத்துக்கிட்டாங்க. ஆட்டோவுல அந்தப் பாட்டு, டீக்கடைல அந்தப் பாட்டு. எவனும் பாட்டு பேரைச் சொல்ல மாட்டான். சத்தத்தைக் குறைடே பாட்டைப் போடுன்னுதான் சொல்லுதான். உள்ளதைச் சொல்லணும்னா அந்தப் பாட்டு ஓடுனதே என் சத்தத்தாலதான். ஆனா பாருங்க, பங்கெடுத்தவங்கன்னு டிரம்ஸ் அடிச்சவன் பேரு இருக்கு, மைக்கு கொடுத்தவன் பேரு இருக்கு, டீ வாங்கிக் கொடுத்தவன் பேரு கூட இருக்கு. என் பேரு இல்ல.

அதுல அஞ்சாவது பாட்டு, கேட்டிருக்கீங்களா? கீழ் வீட்டு ஓனரைப் பத்தினது. மேல வெயில் வந்தாக்கூட கீழ இருந்து கம்பால இடிப்பாராம் அந்த ஓனரு. சன்னலைத் திறந்தா இடி, சிரிச்சா இடி. ஆனாலும் ஓனரு வீட்டு மீன் குழம்பு வாசம் மேல வரும்போது கோவமெல்லாம் போயிருதுன்னு முடிப்பான். நல்லாத்தான் எழுதியிருக்கான். எந்த ஓனருடே உன்னை இந்தப் பாடு படுத்துனதுன்னு கேக்கணும்னு நினைச்சுட்டே இருந்தேன். பய வாடகை வீட்டுல இருந்ததே இல்ல. எங்க போய்க் கேட்டு எழுதுனானோ.

இனிமத்தான் விசயம். கச்சேரில துண்டுச் சீட்டு வரும் சார், நேயர் விருப்பம். எந்தச் சீட்டைப் பிரிச்சாலும் கஸ்பார் பாட்டு. நான் சத்தமில்லாம பைக்குள்ள போட்டுக்கிடுவேன். எத்தனை நாளைக்குப் போட முடியும்? ஐப்பசில கடற்கரை ஊர் ஒண்ணுல திருவிழா. சர்ச் முன்னால மணல்ல சனம் உக்காந்திருக்கு. ஊர் தலைவரே மேடைக்கு வந்துட்டார். "ரெமியண்ணே, புள்ளைங்க ஆசைப்படுது, அந்தப் பாட்டை ஒருக்காப் பாடிருங்களேன்"ங்கார். எனக்கு இது வரும்னு தெரியும். முன்னாலயே நோட்ஸ் எடுத்து வச்சிருந்தேன். ஒரு வாரம் போனைக் காதுல ஒட்டிக்கிட்டு ஒண்ணு விடாம எடுத்தேன். ரெண்டாவது சரணத்துல ஒரு இடத்துல விரல் வழுக்கி ஒரு கம்பி நழுவுது, அதைக் கூட எழுதி வச்சேன். எங்க பாடகன் பென்னிக்குப் பாடம் பண்ணி வச்சேன். கஸ்பார் பாடலியான்னு கேக்கீங்களா? அதான் சொன்னேனே, மூக்குக் குரல். ரெக்கார்டுலயும் மூக்குத்தான், அதனால பென்னியை மூக்கைப் பிடிச்சுப் பாடச் சொல்லிட்டேன்.

தொடக்கத்துல அந்தக் கத்து வருமே, அதுக்கு யாரு? யோசிச்சேன். குரல் என்னுது. ரெக்கார்டு ரெக்கார்டுதானே. மைக்கை எடுத்து, "கஸ்பாரு, சத்தத்தைக் குறைடே"ன்னு ஒரு கத்து. எம்மா. அப்படி ஒரு கைதட்டு எனக்கு வாழ்நாள்ல கிடைச்சதில்ல சார். புள்ளைங்க மணல்ல விழுந்து புரண்டு சிரிக்குது. அச்சு அசலா இருந்துச்சுல்லா, அந்தச் சந்தோசம். கஸ்பார் மட்டும் சிரிக்கல, குனிஞ்சு கிட்டாரைப் பாத்துட்டு நின்னான்.

பாட்டு நல்லாப் போகுது. நடுவுல கிட்டாரு தனியா வர்ற இடம். ரெக்கார்டுல நாலு சுத்து. நாலு முடிஞ்சுது. பய நிறுத்தல. எங்கயோ போறான். எனக்கு ஒண்ணும் ஓடல. டிரம்ஸ்காரன் என்னைப் பாக்கான், பென்னி என்னைப் பாக்கான். கீழ சனம் மூச்சு விடாம உக்காந்திருக்கு, கடல் சத்தம் கேக்கு. அது ஒரு மாதிரி, எப்படிச் சொல்ல, இருந்துச்சு. அது வேற விசயம். ரெக்கார்டுல அது கிடையாது. குழு பேரு என்னத்துக்கு ஆகும்? கீபோர்டுல கிட்டாரு சத்தத்தை வச்சு, வால்யூமைக் கூட்டி, ரெக்கார்டுல உள்ள பிட்டை அவன் மேல போட்டு நான் வாசிச்சுட்டேன். அவன் நிறுத்திட்டான். பாட்டைக் கச்சிதமா முடிச்சுக் கொடுத்தோம்.

மேடைக்குப் பின்னால கூப்பிட்டுக் கேட்டேன். தனியா இல்ல, எல்லாரும் நின்னாங்க, தப்புப் பண்ணுனவனை எப்பவும் அப்படித்தான் கேப்பேன்.

"என்னடே இது? ரெக்கார்டுல இப்படியா இருக்கு?"

"இல்லத்தான்."

"பெறவு?"

"அன்னைக்கு அப்படி வந்துச்சு. இன்னைக்கு இப்படி வந்துச்சு."

"வந்துச்சா? அது என்ன திருச்செந்தூர் பஸ்ஸா, நினைச்ச நேரத்துக்கு வாரதுக்கு?"

"அத்தான், அது என் பாட்டு."

"யார் பாட்டா இருந்தா என்னடே. நாளைக்கு எவனாவது போன்ல போட்டு ஒப்பிட்டுப் பாத்தா ரெமி மெலடீஸ்ல தப்பா வாசிச்சான்னுதானே சொல்லுவான்."

சொல்லிட்டு, என் போனை எடுத்து அந்த இடத்தைப் போட்டுக் காட்டுனேன். "கேளு. நல்லாக் கேளு. அந்தாளு எவ்வளவு சுத்தமா வாசிச்சிருக்கான். நீயும் வாசிக்கியே"ன்னேன்.

பய சிரிச்சுட்டான். ரொம்ப நேரம் சிரிச்சான். நானும் சிரிச்சேன், சரி, புரிஞ்சுக்கிட்டான்னு. பெறவு சிரிப்பை நிறுத்திட்டு, "சரித்தான்"ன்னான். கிட்டாரு வயரைக் கழட்டி, அழகாச் சுத்தி, எங்க பெட்டில வச்சான். வயரு குழுவோடது. எல்லாருக்கும் கை கொடுத்தான், எனக்கும் கொடுத்தான். கிட்டாரைத் தோள்ல போட்டுக்கிட்டு மணல்ல நடந்து போனான். கோவம்னு ஒண்ணு காட்டியிருந்தா நானும் நாலு ஏச்சு ஏசியிருப்பேன், காலைல இட்லி திங்கும்போது சரியாப் போயிருக்கும். கோவப்படாம போறவனை என்ன பண்ண முடியும்? வளத்த கிடா மார்ல பாஞ்சா தடுக்கலாம். இது பாயல சார், பேசாம போயிட்டு.

இப்ப சென்னைல இருக்கான். ஊரு ஊரா பாடப் போறான். பிலோமிக்கு மட்டும் ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான். அவ எங்கிட்டப் பேசுததை நிறுத்திட்டா. சோறு வைப்பா, துணி துவைச்சுப் போடுவா, வார்த்தை கிடையாது. ஆனா அடுப்படில அந்தப் பாட்டை முனங்கிக்கிட்டேதான் திரிவா. நான் வந்தா நிறுத்திருவா.

குழுவை விட முடியுமா? கோவில்பட்டில இருந்து மகேந்திரன்னு ஒரு கிட்டாரிஸ்டைப் போட்டேன். என்ன ஆளுங்கீங்க. நோட்ஸைக் கொடுத்தா அப்படியே வாசிக்கான். கஸ்பார் பாட்டை இன்னைக்கும் சீட்டுல கேக்கத்தான் செய்தாங்க, வாசிக்கோம். நாலு சுத்துன்னா நாலு சுத்து. அந்தக் கம்பி நழுவுத இடத்துல கரெக்டா நழுவ விடுதான். நான் எத்தனையோ வருசமாத் தேடுன ஆளு. ஆனா சார், நாலாவது சுத்து முடியும்போது என் கை கீபோர்டு மேல போய் நிக்கும். இன்னைக்காவது இந்தப் பய எங்கயாவது போயிர மாட்டானான்னு இருக்கும். போக மாட்டேங்கான். அவன் மேல என்ன குத்தம் சொல்ல? எனக்கு ஏன் அப்படி ஆகுதுன்னு தெரியல. டாக்டர்கிட்ட கூடக் காட்டுனேன், பிரசர் இல்லைன்னுட்டார்.

நேத்து பிலோமி வாயைத் திறந்தா. எத்தனை மாசத்துக்குப் பெறவு. "மதுரைல ஒரு காலேஜ்ல அவன் பாடுதானாம். நீங்க போய்க் கூட்டிட்டு வாங்க. நான் சீலா மீனு வாங்கி வைக்கேன்." அவ்வளவுதான் சொன்னா. நான் இந்தச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டேன்.

போன் பண்ணலையான்னு கேக்கீங்க. பண்ணுனேன். கச்சேரி அன்னைக்குப் போனை அணைச்சு வைக்கணும்னு சொல்லிக் கொடுத்ததே நான்தான். அணைச்சு வச்சிருந்தான். பாடகருக போற வாசல்ல போய் நின்னேன். கழுத்துல அட்டை மாட்டுன புள்ளைக நாலஞ்சு பேரு நின்னாங்க. கஸ்பாரைப் பாக்கணும், நான் அவன் அத்தான்னேன். அதுல ஒரு புள்ள, தங்கமான புள்ள, "காலைல இருந்து பத்து அத்தான் வந்துட்டாங்க அங்கிள்"னுச்சு.

"ஏட்டி, அந்தப் பாட்டுல கத்துத ஆளே நான்தான்."

"அப்ப கத்திக் காட்டுங்க அங்கிள்."

எல்லாரும் போனைத் தூக்கிட்டாங்க. சரி, இதுல என்ன இருக்கு, என் குரல்தானேன்னு கத்துனேன். "கஸ்பாரு, சத்தத்தைக் குறைடே." காலைல இருந்து பஸ்ஸுல வந்த தொண்டை சார், கம்மிப் போயிருந்துச்சு. கோவமும் இல்ல. கோவம் இல்லாம அந்தச் சத்தம் எப்படி வரும்? அந்தப் புள்ள தன் போன்ல ரெக்கார்டைப் போட்டுக் கேட்டுச்சு. என் மூஞ்சியைப் பாத்துச்சு. "ரெக்கார்டுல உள்ள மாதிரி இல்லையே அங்கிள்"னுச்சு.

இல்லதான். எனக்கே கேட்டுச்சே. திரும்பக் கத்திப் பாத்தேன், இன்னும் மோசமா வந்துச்சு, சுத்தி நின்ன கூட்டமே சிரிச்சுட்டு. வெயில்ல நிக்காதீங்க அங்கிள்னு சொல்லி, தண்ணி பாட்டில் ஒண்ணு கையில கொடுத்து, கூட்டத்துப் பக்கம் வழி காட்டி விட்டாங்க. நல்ல புள்ளைங்க.

உள்ள போகல. மதில் ஓரமா ஒரு கரும்புச் சாறு வண்டி நின்னுச்சு, அதைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மைதானம் தெரியல, சத்தம் மட்டும் கேக்கு. கஸ்பார் மைக்குல பேசுதான். "எங்க அத்தான் சொல்லாம நான் தொடங்க மாட்டேன்"ங்கான். உள்ள அத்தனை புள்ளைகளும் ஒரே குரல்ல கத்துது. கரும்புச் சாறு பிழியுதவனும் கத்துதான் சார். கத்தாம நின்னது நான் ஒருத்தன்தான்.

பாட்டு வந்துச்சு. கிட்டாரு தனியா வர்ற இடம் வந்துச்சு. விரலை மடக்கி எண்ணுதேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நிறுத்தல. ரெக்கார்டு மாதிரியும் இல்ல, அன்னைக்குத் திருவிழால வாசிச்சானே அது மாதிரியும் இல்ல, இது வேற ஒண்ணு. எண்ணிக்கிட்டே வந்தேன், எங்கன விட்டேன்னு தெரியல. எனக்கு அழுகை வந்துட்டு. அவன் அப்படி வாசிக்க மாட்டானான்னு நான் எவ்வளவு நாளாக் காத்துக் கிடந்தேன்னு அந்த வண்டிக்காரனுக்குத் தெரியுமா?

முடியுத வரைக்கும் நின்னு பாத்திருக்கலாம்ங்கீங்க. நிக்கலாம். அவன் வெளிய வருவான், "அத்தான்"ம்பான், அவன் அப்படிப்பட்ட பயதான். நான் வாயைத் திறக்கணும்லா. திறந்தா என்ன வரும்னு எனக்கே தெரியும். "நாலு சுத்துதானடே"ன்னு வந்துரும். வேற வராது. அதான் மாட்டுத்தாவணிக்கு நடந்து வந்து கிடைச்ச பஸ்ல ஏறிட்டேன்.

பிலோமி குழம்பு வச்சுட்டு வாசல்ல நிப்பா. நான் தனியா வாரதைப் பாத்து ஏச மாட்டா. எப்படி வாசிச்சான்னு மட்டும் கேப்பா. ரெக்கார்டு மாதிரி இருந்துச்சு, ரெக்கார்டு மாதிரி இல்ல, ஒரு பாட்டைக் கேட்டுட்டு வந்தா இந்த ரெண்டைத் தவிர வேற என்ன சொல்லுவாங்க சார்? உங்களுக்குத் தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க எறங்குததுக்குள்ள நான் அதை அப்படியே மனப்பாடம் பண்ணிக்கிடுதேன்.